முத்திரை இல்லாத கந்தூரி

காஸ்மிடியின் வீட்டில் ஐந்து பேருக்கு மேல் கூடுவதாக இருந்தால் தெருத் தலைவரிடம் ஒரு தாள் வாங்க வேண்டும். இருபது வருடமாக அதுதான் நடைமுறை. எனவே, நாட்டுக்குப் புதுத் தலைவர் வந்ததற்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் பிரார்த்தனையும் சோறுமாக ஒரு கந்தூரி வைத்துவிடுவது என்று வியாழக்கிழமை காலையில் முடிவெடுத்தவர், குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல நேராக வாகியோ வீட்டுக்குப் போனார்.

வாகியோ வாசலில் தொங்கிய கூண்டுக்குள் புறாவுக்குத் தினை போட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்கு அவர் 'பாக் எர்தே', அதாவது தெருத் தலைவர் ஐயா. காஸ்மிடிக்கு மட்டும் கியோ.

"வா காங்," என்றார் வாகியோ. ஏழு வயது மூத்தவரை அண்ணன் என்று கூப்பிடும் முறை அது. "கையெழுத்துப் போட மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கே. இப்பவே ஆஜரா?"

"கந்தூரி வைக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை, அஸர் தொழுகை முடிஞ்சதும். இருபது பேரு."

"அண்ணி நினைவுக்கா?"

"இல்ல. புதுத் தலைவர் வந்திருக்காரே, அதுக்கு."

வாகியோ கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இழுப்பறையிலிருந்து தாளும் மைப்பெட்டியும் முத்திரையும் வந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பெயர், வீட்டு எண், தேதி, நேரம், எத்தனை பேர். 'காரணம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"காரணம் என்னன்னு போட?"

"இனிமே இந்த மாதிரி தாள் வாங்கிக்கிட்டு நிக்க வேண்டாம்ல, அந்தச் சந்தோஷத்துக்குன்னு போடு."

சொல்லி முடித்த பிறகுதான் காஸ்மிடிக்கு உறைத்தது. எழுதப் போன பிறகு வாகியோவுக்கும். இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் காங், இதுக்கா என்கிட்ட வந்த?"

"நான் எங்க வந்தேன்? காலு வந்துடுச்சு. நீ மட்டும் என்னவாம், பேனாவத் தூக்கிட்டியே?"

"கை தூக்கிடுச்சு."

வாகியோ சிரிக்க ஆரம்பித்தால் இருமலில்தான் முடியும். ஆஸ்துமா. அன்றைக்கு இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. காஸ்மிடி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மூச்சு திரும்பியதும் வாகியோ முத்திரையைக் கையில் எடுத்தார். "இருக்கட்டும் காங், போட்டுத் தர்றேன். வேண்டாம்னு மேலிருந்து எனக்கு ஒரு தாளும் வரல. இப்ப முத்திரை இருந்தா ஜனங்க பயப்படாம வருவாங்க."

"முத்திரை இருந்தா முத்திரைக்கு வருவாங்க. என் வீட்டுக்கு வரமாட்டாங்க."

"ஒருத்தனும் வரலன்னா என்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

"உன்கிட்ட எதுக்கு? உன் புறாகிட்ட சிந்திட்டுப் போறேன்."

முத்திரை விழாத தாளை நாலாக மடித்து மேசை மேலேயே வைத்துவிட்டுக் காஸ்மிடி வெளியே வந்தார்.

அவர் ரயில்வேயில் கைகாட்டிக்காரராக இருந்தவர். தொழிற்சங்கத்தில் பெயர் கொடுத்திருந்தார். கூட்டத்துக்குப் போனால் நாற்காலி அடுக்குவார், அவ்வளவுதான். அறுபத்தைந்தாம் வருடம் அந்தச் சங்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். பதின்மூன்று வருடம். அதில் ஒன்பது வருடம் ஒரு தீவில் காடு வெட்டினார். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. திரும்பி வந்தபோது அடையாள அட்டையின் ஓரத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முன்னாள் கைதி என்று அதற்கு அர்த்தம். அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஆயுள் முழுவதற்கும் ஒரே அட்டை. இவருக்கு மட்டும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிழவர் எந்த நேரத்தில் மறுபடியும் நாற்காலி அடுக்குவார் என்று சொல்ல முடியாது பாருங்கள்.

அந்த எழுத்து அவரோடு நிற்கவில்லை. மகள் லாஸ்த்ரி ஆசிரியர் பயிற்சியை முதல் மாணவியாக முடித்தாள். வேலைக்குப் போனபோது, சுற்றம் சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கிளாத்தென் சந்தைக்கு வெளியே அவித்த கீரையும் நிலக்கடலைச் சட்டினியும் விற்கிறாள். வாயும் அதற்கேற்ற காரம்.

இதையெல்லாம் நினைத்துக் காஸ்மிடி பெரிதாக உருகுவதில்லை. நடந்தது நடந்துவிட்டது. ஆறாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய விஷயம்.

மனைவி சுமினா இறந்த ஏழாம் நாள் கந்தூரிக்கு இருபது மூங்கில் பெட்டி தயார் செய்திருந்தார்கள். வந்து உட்கார்ந்து, பிரார்த்தனை முடித்து, ஆளுக்கு ஒரு பெட்டி சோறு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் முறை. வந்தது மூன்று பேர். பிரார்த்தனை சொல்லப் பள்ளிவாசல் மோதினார், கண்காணிக்க வாகியோ, எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாத வாகியோவின் செவிட்டு மாமா. மீந்த சோற்றை லாஸ்த்ரி முறத்தில் பரப்பி வெயிலில் காயவைத்தாள். காய்ந்த சோற்றை எண்ணெயில் பொரித்து, உப்புத் தூவி, அப்பாவும் மகளும் இரண்டு வாரம் தின்றார்கள். அம்மாவின் கந்தூரிச் சோறு. பல்லில் மொறுமொறு என்று உடைபடும் அந்தச் சத்தத்தைக் காஸ்மிடியால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

சாவதற்குள் ஒரு தடவை அந்தப் பாய் நிறைய ஆள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். புதுத் தலைவர் வந்ததில் அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முந்தின நாள், புதன்கிழமை, லாஸ்த்ரி கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வந்திருந்தாள். இருவரும் சின்னத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து வாக்கு எண்ணுவதைப் பார்த்தார்கள். தலைநகரின் பெரிய மண்டபத்தில் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் பெயரை உரக்கப் படித்தார்கள். பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவனைத் தேர்ந்தெடுப்பதுபோல இருந்தது. காஸ்மிடி வாயைத் திறந்தபடி பார்த்தார். இப்படி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கோடு போட்டு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், முப்பத்திரண்டு வருடம் இவர்களுக்கு ஒரு பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் கிடைக்கவில்லையா?

பழையவர் முப்பத்திரண்டு வருடம் எல்லாச் சுவரிலும் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அவர் இறங்கியதும் நடுவில் ஒருவர் பதினேழு மாதம் இருந்தார். அவரைக் காஸ்மிடி கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்தப் புது மனிதருக்குக் கண் சரியாகத் தெரியாது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துத்தான் மேடைக்கு அழைத்து வந்தார்கள். நகைச்சுவை சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பவர் என்று ஊரெல்லாம் பேச்சு. கைத்தாங்கலாக வந்த அந்த உருவத்தைப் பார்த்தபோது காஸ்மிடிக்கு நம்பிக்கை என்றெல்லாம் எதுவும் வரவில்லை. இந்த நாட்டில் நம்பிக்கை வைத்த ஆட்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வந்தது வேறு ஒன்று. பக்கத்து வீட்டுக் கிழவருக்குப் பென்ஷன் கிடைத்தால் வருகிற மாதிரி ஒரு பிரியம். பாவம், படியில் பார்த்து இறங்கட்டும்.

"அழறீங்களா?" என்று லாஸ்த்ரி கேட்டாள்.

"கண்ணுல புரை. நீ சோத்த எடுத்து வை."

வியாழக்கிழமை காஸ்மிடி வாகியோ வீட்டிலிருந்து திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது, லாஸ்த்ரி கடலையை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பெட்டி?" என்றாள், திரும்பாமலே.

"இருபது."

"மூணு போதும்."

"இருபது."

"அப்பா, சோத்தக் காயவைக்க வெயில் கூட இல்ல, மழைக்காலம் வருது. இந்தத் தடவை என்னால அதப் பொரிச்சுத் தின்ன முடியாது. சொல்லிட்டேன்."

"மீந்தா நான் ஒருத்தனே தின்னுக்கறேன்."

"பல்லு இருக்கா?"

"ஊறவச்சுத் தின்னுக்கறேன். நீ கோழிக்கு மஞ்சள் தடவு."

கந்தூரிக்கு வேறு யாரையாவது அனுப்பித்தான் வீடு வீடாக அழைப்பது வழக்கம். காஸ்மிடி தானே போனார். வெள்ளி, சனி, இரண்டு நாள். பத்தொன்பது வீடு. எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள், மூட்டுவலியை விசாரித்தார்கள். அழைப்பைச் சொன்னதும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி வந்தது.

"பாக் எர்தேக்குத் தெரியுமா?"

தையற்கடைக்காரர் கேட்டார். பனஞ்சர்க்கரை விற்கிறவள் கேட்டாள். காஸ்மிடியின் கூரையை மாற்றிக் கொடுத்த தச்சர், இருபது வருடமாக மாலை நேரத்தில் இவரோடு சதுரங்கம் ஆடுகிறவர், அவரும் கேட்டார். அவராவது கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"தெரியும்னு சொன்னா வருவியா?" என்றார் காஸ்மிடி.

"அதுக்கில்ல, மிடி. பிள்ளை அரசாங்க அலுவலகத்துல இருக்கான். இப்பதான் நிரந்தரமாக்கியிருக்காங்க. உனக்குத் தெரியாததா?"

தெரியும். யார் மீதும் கோபம் வரவில்லை. தலைநகரத்தில் ஒரு ஆளை மாற்ற ஒரு நாள் போதும். இந்தத் தெருவில் 'பாக் எர்தேக்குத் தெரியுமா' என்று கேட்கிற நாக்கை மாற்ற எந்த மண்டபத்தில் சீட்டுப் போட்டு எண்ணுவது? அவர் காலே வியாழக்கிழமை காலையில் யாரைத் தேடிப் போனது?

கடைசி வீடு செங்கல் அறுக்கிற துகிமினுடையது. அவன் ஆற்றோரச் சூளையில் இருந்தான். பெண்டாட்டிதான் வெளியே வந்தாள். "சொல்றேன் மாமா. ஆனா சூளையில தீ வச்சிருக்கு. அது எப்ப அணையும்னு அந்தச் சூளைக்கே தெரியாது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கால்மணி நேரம் ஆயிற்று. நடுக்கூடத்தில் பாய் விரித்திருந்தது. தேங்காய்ப்பால் சோறு, முழுக்கோழி, தேங்காய்த்துருவல் போட்ட கீரை, முட்டை, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கிண்ணம் கஞ்சி. சுவரோரமாக இருபது மூங்கில் பெட்டி. காஸ்மிடி பாயின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். லாஸ்த்ரி சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். இன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

முதலில் வந்தது வாகியோ. குல்லாவும் பாத்திக் சட்டையும் போட்டிருந்தார். வந்தவர் பாய்க்குப் போகாமல் வாசல்படிக்கு உள்ளே, கதவைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள வா கியோ. அங்க காத்து அடிக்குது. ராத்திரி உன் இருமல நான்தான் கேக்கணும்."

"இங்கதான் சௌகரியமா இருக்கு."

"என்ன சௌகரியம்? தெருப்புழுதியெல்லாம் உன் மூக்குலதான் போகுது."

"போகட்டும்."

தச்சர் எதிர்வீட்டு மாமரத்தடியில் தயங்கி நிற்பது தெரிந்தது. அவர் வாசலில் இருந்த வாகியோவைப் பார்த்தார். வாகியோ தலையை லேசாக அசைத்தார். தச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் தையற்கடைக்காரர். பிறகு மோதினாரோடு நாலு பேர். அதுவரை எந்தெந்தச் சன்னலுக்குப் பின்னால் நின்றார்களோ, ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எல்லோரும் படியேறும் முன் வாகியோவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

காஸ்மிடி எழுந்து கதவுப் பக்கம் போய்க் குனிந்தார். "ஏண்டா, தாளுல போட வேண்டாம்னு சொன்னா, நீயே முத்திரையா வந்து உக்காந்துட்டியா?"

"ஆமா. முடிஞ்சா அழிச்சுப் பாரு," என்றார் வாகியோ, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல். "சோறு ஆறுது காங். போய் வந்தவங்களக் கவனி."

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் காஸ்மிடிக்கு இருந்தது. ஆனால் புழுதியில் அந்த நெஞ்சு வீங்கி வீங்கி இறங்குவதைப் பார்த்ததும் வாய் வரவில்லை. இருபது வருடம் தன்னைக் கண்காணித்த மனிதன். கண்காணித்ததை மாதாமாதம் எழுதி மேலே அனுப்பியவன். என்ன எழுதினான் என்று காஸ்மிடி ஒருநாளும் கேட்டதில்லை. மோசமாக எழுதியிருந்தால் மறுபடியும் லாரி வந்திருக்கும். வரவில்லை. அது போதும் என்று விட்டிருந்தார்.

பாயில் பதினாறு பேர் ஆனார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காஸ்மிடி ஆசைப்பட்டது இதுதான். ஆனால் ஏதோ அலுவலகத்தில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள்போல எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கந்தூரியின் நோக்கத்தை முதலில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மோதினார் பிரார்த்தனையைத் தொடங்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமினார். "என்ன நோக்கம்னு சொல்ல, காங் மிடி?"

பதினாறு தலையும் சோற்றைப் பார்த்துக் குனிந்தன.

மூன்று நாளாகக் காஸ்மிடி ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். அதில் நீதி இருந்தது, தீவு இருந்தது, பதின்மூன்று வருடம் இருந்தது. குனிந்த தலைகளைப் பார்த்தார். அந்தப் பெரிய வாக்கியத்தை இவர்கள் தலையில் இறக்கினால் சோறு தொண்டையில் இறங்காது.

"புதுத் தலைவர் நல்லா இருக்கணும்னு சொல்லுங்க," என்றார். "அவருக்குக் கண்ணு தெரியல. எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் எங்கயும் தடுக்கி விழாம இருக்கணும்."

நாட்டின் தலைவரை வைத்து, நாலு பேர் நடுவில், இந்த வீட்டில் ஒரு நகைச்சுவை. எல்லோர் கண்ணும் வாசல் பக்கம் போனது. வாகியோவின் கண்ணோ தெருப் பக்கம் போனது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை பார்த்தார். பிறகுதான் அவர் வயிறு குலுங்கியது. உடனே பாய் முழுக்கச் சிரித்தது. தையற்கடைக்காரர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கியோவுக்கும் பயம், என்று காஸ்மிடி நினைத்துக்கொண்டார். இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. நான் ஒருத்தனுக்குப் பயந்தேன். அவன் எனக்கும் சேர்த்து மேலே எத்தனை பேருக்குப் பயந்தானோ.

பிரார்த்தனை முடிந்து கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் பாத்திரம் உருண்டது. "ஐயோ, காலக் கழுவிட்டு வா!" என்று லாஸ்த்ரி கத்தினாள். முழங்கால்வரை செங்கல் சேறோடு துகிமின் உள்ளே எட்டிப் பார்த்தான். சூளையிலிருந்து வாய்க்கால் வழியாகவே நடந்து கொல்லைப்புறம் ஏறியிருக்கிறான். தலையெல்லாம் சாம்பல்.

"மன்னிச்சுக்கங்க மாமா, தீ இப்பதான் அடங்குச்சு. துவா முடிஞ்சிருச்சா?" என்றவன், வாசலில் இருந்த முதுகைப் பார்த்துவிட்டு நின்றான். "அட, பாக் எர்தேயும் வந்திருக்காரா? எனக்குத் தெரியாதே."

காஸ்மிடியின் கை கோழியிலேயே நின்றது. "தெரியாதா? அப்ப அவருக்கு விஷயம் தெரியுமான்னு நீ யாரையும் கேக்கலயா?"

"எத?"

"நீ இங்க வரலாமான்னு."

துகிமினுக்குப் புரியவில்லை. "நீங்க கூப்பிட்டதா எம் பெண்டாட்டி சொன்னா. வந்தேன். ஏன், வந்தது தப்பா?"

காஸ்மிடி பக்கத்தில் இருந்தவரை இடித்துத் தள்ளி இடம் பண்ணினார். சேற்றோடு அவனை உட்காரவைத்து, ஈரல் முழுவதையும் எடுத்து அவன் இலையில் வைத்தார். வைத்த கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.

"அந்த ஈரல் எனக்குன்னு நினைச்சேன்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "தொழுகை முடிஞ்சதுலேருந்து காத்துல உக்காந்திருக்கேன்."

"உன்ன யாரு அங்க உக்காரச் சொன்னா?" என்றார் காஸ்மிடி. "எந்திரிச்சு வாடா கியோ. வர வேண்டியவன் வந்தாச்சு. இனிமே வாசல்ல ஆள் வேண்டாம்."

வாகியோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். கதவைச் சாத்துவதா திறந்தே விடுவதா என்று ஒரு நிமிடம் நின்றார். திறந்தே விட்டுவிட்டு வந்து, காஸ்மிடிக்கும் துகிமினுக்கும் நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, துகிமினின் இலையில் இருந்த ஈரலில் கையை வைத்தார்.